அப்பாவின் கைநடுக்கமும் என் நின்றுபோன மாதங்களும்

மலையாளக் கர்க்கடக மாதத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், அலுவலகத்தில் எல்லோரும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதுமடல் வரைக்கும் போனது. அடுத்த நிமிடம் குளிரெடுத்தது. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுந்து வராந்தாவில் போய் நின்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருஷம் நான் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார முடிகிறது, அதனால் எழுதுகிறேன். முப்பது சொச்சம் வயதில் இப்படி வெந்து எழுகிற ஒரு பெண் எங்காவது இருந்து, அவள் வீட்டில் கை நடுங்குகிற அப்பாவும் இருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு டாக்டரிடம் போய்க் கேட்கட்டும்.

நான் சுபா. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. கணவர் கணேசன் மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு. அம்மா போன பிறகு அப்பாவும் எங்களோடுதான். அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம். இளவயதில் எல்லை தாண்டி இங்கே வந்து சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்தவர். கை நடுங்க ஆரம்பித்து, வாடிக்கையாளர் முன்னால் டம்ளர் அடுக்குகளைத் தட்டிவிடத் தொடங்கியதும் கடையைக் கைமாற்றிவிட்டார். தங்கை வித்யா என்னைவிட ஆறு வயது சின்னவள். வித்துராவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செந்திலுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை.

மாதவிலக்கு முதலில் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எனக்குள் ஒரு நினைப்பு ஓடும், அதை யாரிடமும் சொல்லமாட்டேன். மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கி, கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வருவேன். ஒரு கோடுதான் தெரியும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. அப்புறம் நின்றேவிட்டது. தூக்கம் போயிற்று. எதையாவது தொடங்குவேன், பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவேன். துணியை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுவேன். ஏன் ஏறினேன் என்று தெரியாது. கணேசன் எனக்குச் சூடு ஏறும் வேளையில் ஜன்னலைத் திறந்து வைப்பார், குளிரும் வேளையில் மூடுவார். திறந்த ஜன்னல் வழியாக வந்த கொசுவெல்லாம் அவரைத்தான் கடித்தது.

பக்கத்தில் இருந்த டாக்டர் டென்ஷன் என்றார். தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. அலுவலகத்துத் தோழி ஒருத்தி சொல்லி, மெடிக்கல் காலேஜ் போகிற வழியில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சுனிதா டாக்டரிடம் போனேன். மகப்பேறு டாக்டர். மலையாளிதான், நாகர்கோவிலில் சில வருஷம் வேலை பார்த்ததால் தமிழும் கலந்து பேசுவார்.

அந்த ஓ.பி. முன்னால் காத்திருப்பதுதான் பெரிய தண்டனை. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், ஒரு பக்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரும் பெண்கள், மறுபக்கம் சுவர் நிறைய குழந்தைப் படங்கள். நான் உட்காரவில்லை. லிஃப்ட் வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன். பார்மசி வரிசையைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். கணேசன் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ரத்தப் பரிசோதனையில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. மூளைக்குக் கீழே ஒரு சுரப்பி, கருமுட்டைப் பையை வேலை செய்யச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. பை பதில் சொல்லாவிட்டால் சுரப்பி இன்னும் இன்னும் அனுப்பும். ஒரு மாதம் விட்டு மறுபடி பார்த்தார்கள், அப்படியே இருந்தது. ஸ்கேனில் இரண்டு கருமுட்டைப் பைகளும் சுருங்கிக் கிடந்தன. முட்டைகள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் இன்னொரு பரிசோதனையில் ஒன்றும் இல்லாத மாதிரிதான்.

சுனிதா டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மாதவிடாய் முடிந்துபோகிற வயதில் நடக்க வேண்டியது எனக்கு முப்பத்து நாலில் நடக்கிறது என்றார். எப்போதாவது ஒரு முட்டை வரலாம், வராமலும் போகலாம், அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்றார். எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் மாத்திரை தேவை என்று எழுதினார். நான் காரணம் கேட்டேன். பலபேருக்குக் காரணம் தெரியாமலே போய்விடும் என்றார்.

காரில் வரும்போது கணேசன் கிழக்கேகோட்டை சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார். "நம்ம ரெண்டு பேரும் இருக்கோம்லா," என்றார் கணேசன். வீட்டுக்கு வந்ததும் ஒரு காரணமும் இல்லாமல் அலமாரியில் இருந்த எல்லாத் துணியையும் எடுத்துக் கீழே போட்டு மறுபடி அடுக்கினேன்.

அந்த வாரம்தான் வித்யா போன் செய்தாள். தள்ளிப் போயிருக்கிறது, டாக்டர் உறுதி செய்துவிட்டார் என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அதுவும் உண்மை.

என் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சூடு தொடங்கியதற்கு மறு வருஷம், மழை ஓய்ந்து ஓணம் நெருங்கும்போது அப்பா விழுந்தார். நடக்கையில் கொஞ்ச நாளாகவே காலை அகட்டி வைத்துத் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார். தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவர் அப்பாவைக் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. வயசாயிற்று, பார்க்கின்சன் மாதிரி ஏதோ, என்றுதான் நாங்களும் இருந்தோம். பின்வாசல் படியில் கால் வைக்கப் போனவர் அப்படியே சரிந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். மூட்டின் பந்தை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள்.

இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிடுவார்கள். "பைஸ்டாண்டர் எவிடே?" என்று சிஸ்டர் கூப்பிடும்போதெல்லாம் நான் ஓட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க, எக்ஸ்ரே வாங்க, கேண்டீனில் கஞ்சி வாங்க என்று நாளெல்லாம் ஓட்டம். நிற்க முடியாத ஒருத்திக்கு ஓடுவதுதானே சுகம். அப்பாவுக்குக் கஞ்சியை நானே ஊட்டினேன். கரண்டி அவர் கையில் போனால் பாதி சட்டையில்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர், அப்பாவுக்கு உறிஞ்சு குழாயோடு ஒரு கப் வாங்கிவரச் சொல்லித் தன் மகனை அனுப்பினார். அதை நான் கேட்கவே இல்லை.

ஒரு நாள் காலை ஓ.பி. வழியாக ஓடிக்கொண்டிருந்தபோது சுனிதா டாக்டர் எதிரே வந்தார். கழுத்தில் அட்டையைப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அப்பா விழுந்துவிட்டார், ரொம்ப நாளாகக் கை நடுக்கம், நடையும் சரியில்லை என்று நின்றவாறே சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நடுக்கம் எப்ப தொடங்கிச்சு?"

அறுபது வயதுக்குப் பிறகு என்றேன். எதையாவது எடுக்கப் போகும்போது கூடுமா, சும்மா இருக்கும்போது கூடுமா என்று கேட்டார். எடுக்கப் போகும்போதுதான். பிறகு கேட்டார்: "உங்க அப்பா வீட்டு வழியில, படிப்பு ஏறாத பையன், பேச்சு லேட்டான பையன் யாராவது உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கவே தேவையில்லை. நாகர்கோவிலில் அப்பாவின் அக்கா, என் அத்தை இருக்கிறார். அவர் மகன் குமாருக்கு இப்போது நாற்பதுக்கு மேல். நீண்ட முகம், பெரிய காது, யார் கண்ணையும் பார்க்கமாட்டான். சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் உதறுவான். எங்கள் கல்யாணங்களுக்கெல்லாம் வந்து, பந்தியில் எல்லா இலைக்கும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவான். அவனைத் தனியே விட்டுவிட்டு அத்தை ஒரு நாளும் எங்கும் போனதில்லை. வயிற்றில் இருக்கும்போது அத்தை நனைந்த படியில் வழுக்கி விழுந்தார், அதனால் இப்படி என்று குடும்பத்தில் பேச்சு.

டாக்டர் என்னை அந்த வராந்தாவிலேயே ஓரமாக நிறுத்தி, மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்றார். அப்பாவின் நடுக்கம், என் முட்டைகள், குமார். ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள், எனக்கும் அப்பாவுக்கும். அப்பாவின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பு டாக்டர் பார்த்தார். சிறுமூளைக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிகிறது, சந்தேகம் வலுக்கிறது என்றார். இந்தப் பரிசோதனைக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாது என்று பில் கவுண்டரில் சொன்னபோது, கணேசன் அதை என்னிடம் சொல்லாமலேயே கட்டிவிட்டு வந்தார்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் நான் என்னவாக இருந்தேன் என்பதைக் கணேசனிடம்தான் கேட்க வேண்டும். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வாக்கர் பிடித்து அவர் நடக்கப் பழகினார், நான் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் உட்கார்ந்த பிறகும் நான் நடந்துகொண்டே இருந்தேன். வித்யா தினமும் போனில் பேசுவாள். எது சாப்பிட்டால் குமட்டுகிறது, மாமியார் என்ன சொன்னார், செந்தில் எப்படித் தொட்டில் கொக்கிக்கு இப்போதே விட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டார் என்றெல்லாம் சொல்வாள்.

முடிவு வந்ததும் சுனிதா டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

உடம்புக்கு வேண்டிய ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்வது என்பது ஜீனில் எழுதியிருக்கிறது. செல் அதிலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் வேலை செய்யும். அந்த நகலுக்கு மெசஞ்சர் ஆர்.என்.ஏ. என்று பெயர். அதைப் படித்துப் புரதம் செய்யும் ரிபோசோம் என்ற மிக நுண்ணிய பொறி, நகலின் தலைப்பக்கம் வந்து ஏறும். ஏறியதும் வேலை தொடங்காது. முதலில் ஒரு துண்டைக் கடந்து போக வேண்டும். அந்தத் துண்டை லீடர் என்கிறார்கள். அதில் உள்ள எழுத்துகள் புரதத்தில் சேர்வதில்லை. ஆனால் புரதம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் துண்டைப் பொறுத்தது. கருமுட்டையில் இது இன்னும் முக்கியமாம். முட்டை தனக்கு வேண்டிய நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, உரிய வேளை வந்த பிறகுதான் படிக்கும்.

எனக்குக் கோளாறு அந்த லீடரில். ஒரு ஜீனின் நகலில், அந்த இடத்தில் சி, ஜி, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு முப்பது தடவையை ஒட்டி. எனக்கு எண்பதுக்கு மேல். அப்பாவுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. புரதத்துக்கான குறிப்பில் ஒரு பிழைகூட இல்லை. அதற்கு முன்னால் உள்ள அந்த நீளத்தால், செல் நகல்களை அளவுக்கு மேல் எடுத்துக் குவிக்கிறது, பொறியோ கடக்க முடியாமல் திணறுகிறது. புரதம் குறைகிறது. சில சமயம் பொறி தவறான இடத்திலேயே படிக்கத் தொடங்கி, ஒன்றுக்கும் உதவாத வேறொரு புரதத்தைச் செய்துவிடுகிறது. அது தேங்கிச் செல்லைக் கெடுக்கிறது. சில பெண்களுக்கு இதனால் முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன, சில ஆண்களுக்கு முதுமையில் நடுக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன. எல்லாருக்கும் வருவதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பது இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றார்.

"அப்ப குமார்?" என்று கேட்டேன்.

தாயின் கருமுட்டையில் இந்த நீளம் இன்னும் வளரக்கூடும் என்றார் டாக்டர். இருநூறு தடவையைத் தாண்டிவிட்டால் செல் அந்த ஜீனையே பூட்டிவிடும். புரதமே வராது. மூளை வளர்வதற்கு அந்தப் புரதம் வேண்டும். அத்தைக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

நான் ஜன்னல் பக்கம் எழுந்து போய்விட்டேன். கணேசன்தான் கேட்டார், வித்யாவுக்கும் இருக்குமா என்று. இந்த ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில், அப்பாக்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ் என்றார் டாக்டர். மகள்கள் எல்லோருக்கும் அதைத்தான் கொடுக்க முடியும். அதனால் வித்யாவுக்கு இருக்கிறது, பரிசோதிக்காமலேயே சொல்லலாம். வயிற்றில் உள்ள குழந்தைக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். போயிருந்தால் நீண்டிருக்கலாம், நீளாமலும் இருக்கலாம். குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்குக் காலம் தாழ்த்தக் கூடாது. வித்யாவுக்கு அப்போது நாலாம் மாதம்.

"அவங்க என் பேஷன்ட் இல்ல, சுபா. நான் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா," என்று தோளைத் தட்டினார். பயப்படாதே என்று சொல்வது எளிது.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் விஷயமே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்து கேட்டார்.

"அப்போ நான் குடுத்ததா, மக்ளே?"

"உங்களுக்கு உங்க அம்மா குடுத்தது அப்பா. அவங்களுக்கு யாரோ."

"கடையில சாமான் கேடுன்னா ஒரு வார்த்தை பேசாம திருப்பி எடுத்துக்கிடுவேன். இத எப்படித் திருப்பி எடுக்க?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

சொல்லாமல் நாலைந்து நாள் ஓட்டினேன். காரணம் எனக்கே தெரியும். ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாத அக்கா, தங்கை உண்டானதும் வந்து உன் குழந்தைக்குக் குறை இருக்கலாம் என்று சொன்னால், கேட்பவர்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? போனில் சொல்லவும் மனம் வரவில்லை. கணேசன் தானும் வருவதாகச் சொன்னார். அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் எனக்கு மறுபடி சூடு ஏறியது. பஸ் ஜன்னலின் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். சாரல் அடிக்கிறது என்று பின்னால் இருந்த அம்மாள் சத்தம் போட்டார். இறக்கினேன். வித்துரா வரைக்கும் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே போனேன்.

கடைக்கு மேலேதான் வீடு. வித்யாவின் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வித்யா உப்பிட்ட நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா திடீர்னு? அப்பாக்கு ஒண்ணும் இல்லியே?"

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. பஸ்ஸில் எத்தனையோ விதமாகத் தொடங்கிப் பார்த்து வைத்திருந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை. நின்ற நிலையில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டேன். அப்பா, நான், குமார், லீடர், இருநூறு, ஊசி, நாலாம் மாதம். அவள் கையில் நெல்லிக்காய் அப்படியே இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும் இது?"

"அஞ்சு நாளாச்சு."

"அஞ்சு நாளும் என்கிட்ட போன்ல சிரிச்சுப் பேசினேல்லா." அவள் குரல் உயரவில்லை. "உனக்கு நின்னு போன விஷயத்த இத்தன மாசமா என்கிட்ட சொல்லல. இப்ப வந்து எல்லாத்தையும் சேத்துச் சொல்லுக."

"வித்யா, சோதனைக்கு நாள் கடந்துரக் கூடாது, அதனாலதான்..."

"நீ போ அக்கா. இப்ப போ. நான் தனியா இருக்கணும்."

படி இறங்கும்போது பின்னாலிருந்து, "உனக்கு இல்லன்னு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அவள் முடிக்காததை நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முடித்துக்கொண்டே வந்தேன்.

கீழே செந்தில் என் முகத்தைப் பார்த்தார். விற்றுக்கொண்டிருந்த பெயின்ட் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். பஸ் வந்ததும், "மதினி, நீங்க ஒண்ணும் சாப்பிடலியே," என்றார். "வித்யா சொல்லுவா," என்று மட்டும் சொன்னேன்.

பிறகு போன் நின்றுபோனது. நான் செய்தாலும் எடுக்கவில்லை. வேலையில் தப்புத் தப்பாகச் செய்தேன். வீட்டில் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். ஹார்மோன் மாத்திரை பிடிக்க ஆரம்பித்துச் சூடு குறைந்திருந்தது, ஆனாலும் உட்கார முடியவில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் தவிப்பில் ஹார்மோனின் பங்கு கொஞ்சம்தான்.

அந்த நாட்களில் அத்தைக்குப் போன் செய்தேன். உறவினர்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். அத்தையிடம் ஜீன், நகல் என்றெல்லாம் சொல்லாமல், இது ரத்த வழியில் வருவது, ஆச்சிக்கு இருந்தது, அப்பாவுக்கும் அத்தைக்கும் வந்தது, குமாருக்குக் கூடுதலாகப் போய்விட்டது என்றேன். குமாருக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்தால் உறுதியாகிவிடும் என்றேன்.

"அப்போ நான் வழுக்கி விழுந்ததுனால இல்லியா மக்ளே?"

"இல்ல அத்தை. டாக்டர் சொல்லுகது வச்சுப் பாத்தா, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அத்தை போனை வைக்காமலே உள்ளே திரும்பி, "குமாரு, சாயா குடிக்கியா?" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் ஏதோ ஓர் இளக்கம் இருந்தது. நான் போனைக் காதில் வைத்தபடி, அத்தை டம்ளரில் ஆற்றும் சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் வித்யாவும் செந்திலும் எங்கள் வாசலில் நின்றார்கள். வீட்டில் செக்கப் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். வித்யா என்னைப் பார்க்காமல் நேரே அப்பாவிடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அடுக்களைக்கு வந்து, "டாக்டர்கிட்ட நீயும் வா. எனக்கு அந்த லீடர் சமாச்சாரமெல்லாம் திரும்பக் கேட்டா புரியாது," என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

ஊசி போடும் நாளில் என் கழுத்தில் மறுபடி அந்த அட்டை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, குழந்தையைத் தொடாமல், மெல்லிய நீள ஊசியால் நீர் எடுத்தார்கள். ஊசியால் கரு கலைந்துபோக ஒரு சின்ன வாய்ப்பு உண்டு என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வித்யா என் கையைப் பிடிக்கவில்லை, செந்திலின் கையையும் பிடிக்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் செந்தில் ஒரு பிளாஸ்கைத் திறந்து எங்கள் மூன்று பேருக்கும் சாயா ஊற்றினார். அவருக்கு மிச்சமில்லை என்பதைக் கணேசன்தான் கவனித்துக் கேண்டீனுக்கு ஓடினார்.

இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னதால் வித்யா எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நீ நடந்தா எனக்குத் தல சுத்துகு. இங்க வந்து கெட."

படுத்தேன். கூரையைப் பார்த்தபடி கேட்டாள், குமார் மாதிரி என்று வந்தால் நான் என்ன செய்வேன் என்று. எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்கும் தெரியாதாம். செந்திலோடு பேசியாயிற்று, வந்த பிறகு பார்க்கலாம் என்று முடிவாம். "குமார் அண்ணன நெனச்சா எனக்கு அழுக வருகதுக்கு முன்னால சிரிப்புதான் வருகு," என்றாள். "அத்தைய நெனச்சாத்தான் அழுக."

முடிவு வாங்க நான்கு பேருமாகப் போனோம். ஆணா பெண்ணா என்று சட்டப்படி சொல்ல முடியாது என்பதை டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பாவிடமிருந்து வந்த அந்த எக்ஸ்தான் குழந்தைக்குப் போயிருக்கிறது என்றார். லீடர் கொஞ்சம் நீண்டிருக்கிறது. வித்யாவுக்கு எழுபதை ஒட்டி இருந்தது, குழந்தைக்குத் தொண்ணூறுக்குள். இருநூறுக்கு வெகு தூரம். ஜீன் பூட்டிக்கொள்ளவில்லை, திறந்துதான் இருக்கிறது.

வித்யா அதை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது.

"அப்போ, கூடிப்போனா எங்க அப்பா மாதிரி. இல்லேன்னா எங்க அக்கா மாதிரி. அவ்வளவுதானே டாக்டர்?"

அவ்வளவுதான் என்றார் டாக்டர். அதுகூட வரலாம், வராமலும் போகலாம்.

"அப்பா மாதிரியோ அக்கா மாதிரியோ இருந்தா போதும்," என்றாள் வித்யா. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் தன் பேனாவை மூடியால் மூடித் திறந்து மூடினார். நான் அன்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அம்மா இல்லாததால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவின் நடுக்கம் குறையவில்லை, அதற்கு மருந்தில்லை, விழாமல் நடக்கப் பயிற்சி மட்டும் தருகிறார்கள். நானும் கணேசனும் வேறொரு பெண்ணின் முட்டையை வைத்து முயல்வதா, தத்தெடுப்பதா, இப்படியே இருப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவசரமில்லாமல் பேச முடிகிறது.

நேற்று மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, வித்யாவிடம் கொடுத்தேன். பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள், இவளுக்கு எத்தனை வயதில் இதைச் சொல்ல வேண்டும் என்று. கல்யாண வயதுக்கு முன்னால் என்றேன். முட்டைகளை முன்கூட்டியே எடுத்து உறையவைக்கும் வழியும் இருக்கிறதாம், அதற்காகவாவது தெரிந்திருக்க வேண்டும். வித்யா கொஞ்ச நேரம் குழந்தையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொல்லணும் அக்கா," என்றாள். "எனக்குச் சொன்ன மாதிரி நின்னுக்கிட்டுச் சொல்லாண்டாம். பக்கத்துல உக்காந்து சொல்லு."